கன்னியம்மா போட்ட மெயில்

கன்னியம்மாவைப் போல ஒரு அழுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பம்பு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் டெலக்ஸ் மிஷினில் வெளிநாட்டுக்கெல்லாம் செய்தி அடித்தவள். டெஸ்பாட்ச் கிளார்க்கான எனக்குப் பக்கத்து மேஜை. தொண்ணூற்றெட்டில் டெலக்ஸை எடுத்துவிட்டு ஈமெயில் வைப்பது என்று முடிவானதும், அவளைப் பேக்கிங்குக்கு மாற்றும் ஆர்டரை டைப் செய்யச் சொன்னார் மேனேஜர் பாஸ்கரன். யாரிடம் சொன்னார் தெரியுமா? அவளிடமே! என்ன மனுஷனய்யா அவர்!

அவள் அழவில்லை. ஆர்டரை அடித்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தாள்.

"மெயில் வசதியை நானே போட்டுத் தரேன் சார். ஆயுத பூசை அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஜெர்மனி பார்ட்டிக்கு மெயில் போய், பதிலும் வந்துட்டா என் சீட்டு எனக்கு. வரலேன்னா பேக்கிங்குக்குப் போறேன்."

வெளியாளைக் கூப்பிட்டால் செலவாகுமே என்று அவரும் தலையாட்டினார்.

யாரும் சீந்தாத ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தை ஒரு சிடியிலிருந்து ஏற்றினாள். அதில் ஓடும் மெயில் மென்பொருள் இலவசம். உள்ளே எழுதியிருப்பதையும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். ஆவடி பிரவுசிங் சென்டரில் கேட்டுக் கற்றுக்கொண்டு, அதை மூன்று பிளாப்பிகளில் பிடித்து வந்தாள். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் வரி வரியாகக் கட்டளை அடிக்க வேண்டும். எனக்குப் பார்த்தாலே தலை சுற்றும். அவளோ, "டெலக்ஸ்ல மட்டும் எதிராளி மூஞ்சியவா பாத்துகினு இருந்தேன்?" என்று சிரித்தாள்.

பூசை அன்று காலையில் பிளாப்பிகளோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். போர்மேன் வேலுசாமி எல்லா மிஷினுக்கும் போல அந்தக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டிருந்தார். பிளாப்பி நுழைக்கும் வாயில் ஊதுபத்திக் கொத்து புகைந்துகொண்டிருந்தது!

"இன்னா அண்ணாத்தே, மிஷினுக்குக் கொள்ளி வெச்சிட்டியே!" என்று பாய்ந்து பிடுங்கினாள். வந்தது பாதிதான். மீதி உள்ளே ஒடிந்துகொண்டது.

"பூசை போட்ட சாமானைத் தொடாதேம்மா, சாமி கண்ணைக் குத்தும்," என்றார் வேலுசாமி. ஸ்க்ரூ டிரைவர் கேட்டாள். அதுவும் பூசையில் இருந்தது. நாளைக்குத்தான் எடுக்கலாம் என்று ஒரே பிடிவாதம்.

"என் சோறு இதுல கீது. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், நீ போ."

நாலணாக் காசின் விளிம்பைக் கொடுத்துத் திருகாணிகளைக் கழற்றினாள். சேலையில் குத்தியிருந்த ஊக்கால் குச்சியையும் சாம்பலையும் நோண்டி எடுத்தாள். பிளாப்பியைப் போட்டதும் கடகடவென்று படித்தது. அப்பாடா!

நிறுவச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். வரிகள் ஓடின. ஓடி, பாதியில் நின்றன. திரையில் மேலே போன வரிகளை அவள் நிதானமாகப் படித்தாள். "ஒரு கோப்பு கொறையுது. சிடில கீதுடி," என்று ஏற்றிவிட்டு மறுபடி ஓடவிட்டாள். ஒரு மணி நேரம் பொரிகடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்தத் தடவை நிற்கவில்லை. போன் லைனில் மோடம் கீச்சிட்டது, மெயில் போனது.

நாலரைக்குப் பதில் வந்தது. பாஸ்கரன் திரையை இரண்டு முறை படித்தார்.

"சபாஷ்! பாஸ்வேர்டை ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. நாளைலேர்ந்து கம்ப்யூட்டர் படிச்ச பையன் யாரையாவது உக்கார வெச்சிக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவி! கன்னியம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

"மொதல்ல அந்த ஆர்டரைக் கிழிங்க சார். அப்புறம் எழுதறேன்."

வேலுசாமி பொரித் தட்டோடு வந்து அவள் பின்னால் நின்றார். பாஸ்கரன் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், ஆர்டரை எடுத்து வந்து கிழித்தார். சொன்ன வாக்குத் தவறாமல் அவளும் எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் விஜயதசமி, லீவு. லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று காலை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது என்றாள்.