எங்கள் வீடுகளுக்கு வந்த மேனேஜர்

காலை ஒன்பது மணி மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் குழுவின் சாட்டில் அந்தச் செய்தி விழுந்தது. நசீமா அக்காவின் கணக்கிலிருந்தே வந்தது. "நசீமா அக்கா இறந்துட்டாங்க. இன்னிக்கு மீட்டிங் இல்ல."

பத்து நொடிக்குள் அதன் கீழே ஒன்பது கட்டைவிரல்கள். அவற்றில் ஒன்று என்னுடையது.

நாங்கள் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. அக்கா வைத்த விதி அது. அவர் ஒரு செய்தி போட்டால், பார்த்தவர்கள் உடனே கட்டைவிரல் போட வேண்டும். "படிச்சியா இல்லியான்னு ஒவ்வொருத்தனுக்கா போன் போட்டுகினு இருக்க முடியாது" என்பார். மூன்று வருடம் பழகிய கை, கண் படித்து முடிப்பதற்குள் அழுத்திவிட்டது. பிறகு ஒவ்வொருவராக எடுத்தோம். யாரோ ஒருவர் எடுக்க மறந்துவிட்டார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

அக்காவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. ஆட்களின் பெயர்களும் மாற்றியவை, அக்காவுடையது உட்பட, என்னுடையதும்தான். ஏன் என்பது போகப்போகத் தெரியும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர்களுக்குக் காகிதம் தயார் செய்வது எங்கள் வேலை. ஒரு எண் மாறினால் லாரி கேட்டில் நிற்கும். டிரைவர் இரண்டு நாள் ரோட்டோரம் சமைத்துச் சாப்பிட வேண்டும். கொரோனாவில் ராயபுரம் ஆபீஸை மூடினார்கள். திறக்கவே இல்லை. மேஜை, மின்சாரம், கழிப்பறை, எல்லாம் எங்கள் வீடுகளின் தலையில் விழுந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் சுதந்திரம்.

அன்று சாயங்காலம் தண்டையார்பேட்டையில் அக்காவை அடக்கம் செய்தோம். கபர்ஸ்தானில்தான் எங்கள் குழுவின் ஆண்கள் முதல்முறையாக ஒரே இடத்தில் நின்றோம். யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை தினமும் காதில் கேட்டவன் நான். பாஸ்கரா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா மாமு, ஸ்க்ரீன்ல ஒயரமா இருப்ப" என்று சொல்லிவிட்டு, நிற்கும் இடம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் எங்கள் எல்லோரையும், எங்கள் வீடுகளில் வைத்தே, அக்காவுக்குத் தெரியும்.

நான் வேலையில் சேர்ந்த முதல் மாதம், எர்ணாவூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து நின்றார். பஸ்ஸில் வந்திருந்தார். ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர் என்று நினைத்து என் அம்மா கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அக்கா அதை வாங்கிப் பொறுமையாகப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னிடம், "உன் சேர்ல கொஞ்ச நேரம் குந்திக்கிறேன்" என்றார்.

அரை மணி நேரம் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஸ்க்ரீனைப் பார்த்தபடி, ஒன்றும் செய்யாமல். ஜன்னலிலிருந்து வெயில் ஸ்க்ரீனில் எங்கே விழுகிறது என்று பார்த்தார். எண்ணூர் ரோட்டில் லாரிகள் ஹாரன் அடிப்பதைக் கேட்டார். வேவு பார்க்க வந்தீர்களா என்று நேராகவே கேட்டேன்.

"ஆமா. ஆனா மேல சொல்றதுக்கு இல்ல" என்றார். தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். பதினொன்று என்றேன். "அப்ப பதினொண்ணுலேந்து பதினொண்ணே கால் வரிக்கும் உனுக்கு வேல கெடயாது. போய் கொடத்த வையி."

இப்படி எல்லா வீடுகளுக்கும் போயிருக்கிறார். பாஸ்கரின் அப்பா இரவுக் காவல் வேலை பார்த்துவிட்டுப் பகலில் அதே அறையில் தூங்குகிறவர், அதனால் மதியம் வரை பாஸ்கரிடம் யாரும் பேசக் கூடாது, தட்டச்சில்தான் கேட்க வேண்டும். மணலியில் இருக்கும் பெண்ணிடம் காலையில் முதல் கேள்வி, "இன்னிக்கி காத்து எந்தப் பக்கம்?" காற்று ரசாயனத் தொழிற்சாலைகள் பக்கமிருந்து வீசினால் அந்தப் பெண் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தலைவலியோடு இருப்பாள். அன்று அவளுக்குச் சின்ன வேலைகள். வேலைப் பட்டியலைக் கப்பல் புறப்படும் நேரத்தை வைத்துப் போடுகிறார் என்று மேலே இருந்தவர்கள் நம்பினார்கள். அவர் எங்கள் தண்ணீரையும் தூக்கத்தையும் வைத்துத்தான் போட்டார். ஒரு கப்பலும் தவறியதில்லை.

"ஸ்க்ரீன்ல மூஞ்சிதான் தெரியும். வேல செய்யறது மூஞ்சி இல்ல, வூடு" என்பார்.

ஆன்லைன் குழுக்களை நடத்தும் மேனேஜர்களுக்கான தலைமைப் பண்புப் பயிற்சி என்று ஒருமுறை இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். என்னையும் சேர்ந்து பார்க்கச் சொன்னார் அக்கா. நம்பிக்கையை வளர்க்க வேண்டும், மனம்விட்டுப் பேச வேண்டும், மீட்டிங்கைப் புன்னகையோடு தொடங்க வேண்டும் என்று பயிற்சியாளர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாதான் சொல்றாரு. அவுருக்குப் பின்னால ஒரு கதவு கீது, பாத்தியா? அது சாத்திகினு கீது. அந்த தைரியத்துலதான் இவ்ளோ பேசுறாரு."

அக்காவைப் புனிதராக்க நான் இதை எழுதவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கள் ஸ்க்ரீன்களைப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்ற உத்தரவை எங்களுக்குப் படித்துக் காட்டியவர் அவர்தான். நான் பொறுக்காமல் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன், நீங்கள் கம்பெனி ஆள்தானே, எங்களிடம் எதற்கு இந்த அக்கா வேஷம் என்று. அவர் என் மைக்கை அணைத்தார். அது தெரியாமல் நான் இன்னும் இரண்டு நிமிடம் கத்தியிருக்கிறேன். அப்புறம் போனில் கூப்பிட்டு, அந்த மீட்டிங் பதிவாகிறது என்றும், என் வேலையைக் காப்பாற்றத்தான் மைக்கை அணைத்ததாகவும் சொன்னார். இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த உத்தரவை அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பதும் உண்மை. அவர் வீட்டில் கணவர் முதுகு உடைந்து படுக்கையில் இருந்தார். வைத்தியம் முழுக்க இந்த வேலை கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டையில் ஓடியது. அது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் எல்லோர் வீட்டுக்கும் வந்தவரின் வீட்டுக்கு அதுவரை நாங்கள் யாரும் போனதில்லை.

அடுத்து வந்தது கேமரா உத்தரவு. வேலை நேரம் முழுக்கக் கேமரா திறந்திருக்க வேண்டும். பின்னால் சுவர் மட்டும் தெரிய வேண்டும், யாரும் குறுக்கே போகக் கூடாது.

எங்கள் குழுவில் சுகந்தி என்று ஒருவர் இருக்கிறார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரே அறை. கணவர் ஹார்பரில் இரவு வேலை முடித்து வந்து, சுகந்தியின் நாற்காலிக்குப் பின்னால் தரையில் தூங்குவார். வேறெங்கே தூங்குவார்? இந்த முறை அக்கா சும்மா இருக்கவில்லை. எங்கள் ஒவ்வொருவரிடமும் தனியாகச் சம்மதம் கேட்டுக்கொண்டு, மேலதிகாரி வந்த மீட்டிங்கில் எல்லோரையும் ஒரே நேரத்தில் கேமராவைத் திறக்கச் சொன்னார். பதினோரு வீடுகள். தொங்கும் துணிகள், கேஸ் சிலிண்டர், தூங்குகிற மனிதர்கள், என் அம்மாவின் மீன் கூடை.

அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தார். பின்னணிக்கு ஒரு படம் அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

படம் வந்தது. கண்ணாடிக் கட்டிடம், தொட்டிச் செடிகள். மறுநாள் எல்லோரும் அந்தக் கண்ணாடி ஆபீஸில் உட்கார்ந்திருந்தோம். சுகந்தியின் கணவர் தூக்கத்தில் புரண்டபோது செடிக்குள்ளிருந்து ஒரு கால் நீண்டது. எல்லோரும் சிரித்தோம். சுகந்தியும் சிரித்தார்.

சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அந்த அறையில் வெளிச்சம் குறைவு. சுகந்தி கறுப்பு. சுவர் எது, முகம் எது என்று அந்த மென்பொருளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. சுகந்தியையும் சேர்த்து அழித்துவிட்டது. அவர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டே இருப்பார், திரையில் ஆளில்லாத கண்ணாடி ஆபீஸ் தெரியும். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று கணக்கு ஏறிக்கொண்டே போனது. பாஸ்கரின் சிவந்த முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வாரம், நீக்க வேண்டியவர் என்று சுகந்தியின் பெயரை எழுதி அனுப்பும்படி அக்காவுக்கு உத்தரவு வந்தது. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று அக்கா அவகாசம் வாங்கினார். அந்த வாரத்தில் சுகந்தியின் முகம் திரையில் தெளிவாக வந்தது. பின்னால் வெள்ளைச் சுவர். நாங்கள், கணவர் வேறெங்கோ தூங்கப் போகிறார் போலிருக்கிறது, புது விளக்கு வாங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தோம்.

அது அக்கா வீட்டுச் சுவர்.

இதை சுகந்தி என்னிடம் சொன்னது அக்கா இறந்த மூன்றாம் நாள். "நாளைலேந்து எட்டரைக்கு எங்க வூட்டுக்கு வந்துரு. கேள்வி கேக்காத" என்று அக்கா கூப்பிட்டிருக்கிறார். ஏழு மாதம். ஒரே மேஜை, இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் சுகந்தி. ஒருவர் பேசும்போது இன்னொருவர் மைக்கை அணைத்துக்கொள்வார். கம்பெனி விதிப்படி ஒவ்வொருவரும் பதிவு செய்த சொந்த வீட்டிலிருந்துதான் வேலை செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அதை மேனேஜர் ஒரு படிவத்தில் உறுதி செய்ய வேண்டும். தெரிந்தால் இரண்டு பேர் வேலையும் போகும், மருத்துவ அட்டையும் போகும். அக்கா வாராவாரம் சுகந்தியின் பெயருக்கு எதிரே டிக் போட்டார்.

அந்த ஏழு மாதத்தில் அவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. நெஞ்சு அடைப்பது போலிருக்கிறது என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் போகச் சொல்லி சுகந்தி கெஞ்சியிருக்கிறார். அதற்கு அக்கா சொன்னதை சுகந்தி அப்படியே சொன்னார்.

"நான் லீவு போட்டா மேலேந்து ஒருத்தன் வந்து லிஸ்ட்ட தொறப்பான். ஒவ்வொருத்தர் வூட்டையும் போன்ல காட்டச் சொல்லுவான். நீ எத்தக் காட்டுவ?"

வேலைதான் அக்காவைக் கொன்றது என்று எழுத என்னிடம் டாக்டர் சர்டிபிகேட் இல்லை. அதனால் அப்படி எழுதவில்லை. டாக்டரைப் பார்க்கப் போக முடியாத ஒரு நாற்காலியில் அவர் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் எழுதுகிறேன்.

அன்று காலை சுகந்தி சார்ஜரைச் சொருகிக்கொண்டிருந்தபோது அக்கா தண்ணீர் கேட்டிருக்கிறார். சுகந்தி திரும்புவதற்குள் மேஜையில் சாய்ந்துவிட்டார். அக்காவின் மகளும் சுகந்தியும் சேர்ந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். உள்ளே படுக்கையில் இருக்கும் அக்காவின் கணவரை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் சுகந்தி வீட்டிலேயே இருந்தார். ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். எங்களுக்கு வந்த செய்தியைத் தட்டியது சுகந்திதான். தன் கணக்கிலிருந்து போட்டிருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். அக்காவின் கணினியில் தட்டினார். ஒன்பதேகாலுக்குத் தன்னுடையதைத் திறந்து, அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால், கேமராவைப் பார்த்து உட்கார்ந்தார். உடல் வீட்டுக்கு வரும்வரை வேலை செய்தார். வேலை செய்யாவிட்டால் ஆள் இல்லை என்று ஏறும்.

நான்காம் நாள் அதே அதிகாரி என்னை அழைத்தார். எனக்குள் இயல்பாகவே ஒரு தலைவன் இருக்கிறானாம், குழுவை நான் ஏற்க வேண்டுமாம். அவருக்குச் சொல்ல மூன்று வருடமாக என்னிடம் வார்த்தைகள் தயாராக இருந்தன. ஆனால் அதற்கு முந்தின நாளே, எல்லாவற்றையும் சொல்லி முடித்த சுகந்தி, கடைசியாக இன்னொன்றும் சொல்லியிருந்தார். "உன்னதான் கேப்பாங்க. நீ எட்துக்கலன்னா மேலேந்து ஆள போடுவாங்க, வினோத்து."

எடுத்துக்கொண்டேன். அதிகாரி வாழ்த்துச் சொன்னார். நன்றி சொன்னேன்.

இப்போது சுகந்தி எட்டரைக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார். யாரும் குறுக்கே போகாத சுவர் எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு. அது அவருக்கு. நான் சமையலறை வாசலுக்கு மாறிவிட்டேன். என் பின்னால் கண்ணாடி ஆபீஸ் தெரிகிறது, அதற்குள் அம்மா மீன் கழுவுகிறார்.

அக்காவின் சொற்களை நான் வைத்திருக்கிறேன் என்று சொல்லி முடிப்பது எளிது. நான் வைத்திருப்பது அவருடைய பொய்யை. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் படிவம் எனக்கு வந்தது. சுகந்தியின் பெயருக்கு எதிரே, சொந்த வீட்டிலிருந்து வேலை செய்கிறார், உறுதி செய்யப்பட்டது என்ற கட்டம். டிக் போட்டேன். அடியில் மேனேஜர் பெயர் என்ற இடத்தில் இன்னும் நசீமா என்றே இருந்தது. அதை அழித்துவிட்டு என் பெயரைத் தட்டினேன்.

இனி நான் லீவு போட முடியாது.