மிச்சம் பிடித்த கை

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமையில் நோர்வூட் டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டங்கள் எல்லாம் மொத்தமாக இறங்கி வந்து ரோட்டில் நிற்கும். மரக்கறிக்காரர் நம் முகத்தைப் பார்த்தே விலை சொல்லுவார். அன்றைக்கு லீக்ஸ் விற்கிற விலைக்குச் செவ்வாய்க்கிழமை லீக்ஸோடு கரட்டும் வாங்கிக்கொண்டு வரலாம். நான் செவ்வாய்க்கிழமைதான் போவேன். அதுவரை அடுப்பில் எதை வைப்பாய் என்று கேட்பீர்கள். வைக்க ஏதாவது இருக்கும். இருக்கும்படி பார்த்துக்கொள்வேன்.

இப்படிப் பெருமையடிக்கிற வாய்தான் என்னைக் கெடுத்தது.

என் கணவருக்குக் கொழும்பில், புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் வேலை. கடைக்கு மேலேயே மற்றப் பையன்களோடு பாய் விரித்துப் படுக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார், வந்த களைப்பு ஆறுவதற்குள் பஸ் ஏறிவிடுவார். நானும் ஆறு வயது மகளும் மாமியோடு தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில் இருக்கிறோம். ஒரு காம்பரா, சமைக்க ஒரு சின்னக் குசினி. பக்கத்துக் காம்பராவில் இருமினால் எங்கள் வீட்டிலிருந்தே தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம் போலிருக்கும். கல்யாணம் கட்டியும் தனியாகக் கிடக்கிறேனே என்ற ஆத்திரம் எனக்கு உண்டு. அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடம் அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். "அங்க ஒரு ரூம் எடுக்கணும்னா மொதல்ல முற்பணம் கட்டணும் புள்ள. அது சேந்துடுச்சுன்னா ஒன்னையும் பாப்பாவையும் கையோட கூட்டிட்டுப் போயிடுறேன்." மாமிக்கும் அதில் மனக்குறை இல்லை. மூத்த மகன் அடுத்த லயத்தில்தான் இருக்கிறார். ஆக, எனக்கும் கொழும்புக்கும் நடுவில் நின்றது அந்த முற்பணம் மட்டும். அவர் அனுப்புகிற காசில் சாமான் செலவு போக மிஞ்சுவதுதான் முற்பணம் என்றானது. அன்றிலிருந்து என் கை இறுகிவிட்டது.

என்னென்ன செய்தேன் என்று சொன்னால் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். நெத்தலியை முழுசாக வாங்கமாட்டேன். சாக்கின் அடியில் தலையும் தூளுமாகக் கிடப்பதைக் கேட்டு வாங்கிச் சம்பலுக்கு வறுத்துக்கொள்வேன். தேங்காயைப் பாதியாக உடைத்து, ஒரு மூடியைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துக் காசை வாங்கிவிடுவேன். பால் பிழிந்த சக்கையை எறியாமல் ரொட்டி மாவில் போட்டுப் பிசைவேன். காஸ் சிலிண்டர் மூலையில் துணி போர்த்திக்கொண்டு அவர் வருகிற நாளுக்காகக் காத்திருக்கும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கி வந்த மிளாறுக் குச்சி இருக்கையில் காஸ் எதற்கு? கொல்லையில் போஞ்சியும் பூசணியும் உண்டு.

அப்புறம் சாயத்தண்ணி, அதாவது பால் ஊற்றாத தேத்தண்ணி. எங்கள் பக்கத்தில் சீனியைக் கோப்பையில் போட்டுக் கலக்காமல், உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே சாயத்தண்ணியைக் குடிக்கிற பழக்கம் இருக்கிறது. சீனி பாதிதான் செலவாகும். மகளையும் அப்படியே பழக்கினேன். பால்மாப் பெட்டியின் படத்தைக் கடையில் பார்த்தால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். கேட்கமாட்டாள். கேட்காத பிள்ளை என்று லயத்தில் அவளுக்கு நல்ல பெயர். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, ஆனாலும் வாங்கிக் கொடுக்கவில்லை. கொழும்புக்குப் போன பிறகு தினமும் பால் குடிக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நான் வழக்கமாகச் சாமான் வாங்குவது டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில். நல்ல மனிதர். என்னைக் கண்டதும் கடையில் நிற்கிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்: "இந்தத் தங்கச்சி வந்தாப் போதும், நமக்கு யாவாரமே இல்ல. தூளையும் தூசியையும் அள்ளிக்கிட்டுப் போயிரும்." எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். மாமியும் கொழுந்து பறிக்கிற மலையில் என் புராணம்தான் பாடுவாராம். "எங்க மருமக கையில குடுத்தா கல்லுலயும் குழம்பு வச்சிரும்." மற்ற மாமியார்கள் இதைக் கேட்டுவிட்டுத் தங்கள் மருமகள்களைக் கரித்துக் கொட்டினார்கள். அந்த மருமகள்கள் என்னைக் கரித்துக் கொட்டினார்கள். நான் எதையும் கண்டுகொள்ளவில்லை. முற்பணம் சேர்ந்துகொண்டிருந்தது.

போன பொங்கலுக்கு முன்பே சேர்ந்துவிட்டது. போனில் சொல்லவில்லை. நேரில் சொல்லி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மகளின் உடுப்புகளைக்கூட ஒரு பையில் மடித்து வைத்துவிட்டேன். இப்போது நினைத்தால் அந்தப் பையைத் தூக்கி எறியலாம் போலிருக்கிறது.

பொங்கலுக்கு வந்தவர் பஸ்ஸை விட்டு இறங்கி நானாவின் கடைக்குப் போய் மகளுக்கு பிஸ்கட் வாங்கியிருக்கிறார். நானா சும்மா இருப்பாரா? வீட்டுக்குள் நுழையும்போதே என் கணவருக்கு வாயெல்லாம் பல். "நானா சொல்றாரு, ஒன்ன மாதிரி ஒரு பொம்பளைய இந்த டவுன்லயே பாக்கலையாம்." மாமி விடுவாரா? தன் பங்குக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். மகள் சாயத்தண்ணிக் கோப்பையோடு வாசற்படியில் உட்கார்ந்து உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்தார். அவர் கண் கலங்கும், இந்தப் பிள்ளையை இனி இப்படி விடக்கூடாது என்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார். நானும் சந்தோஷத்தில் எழுந்துபோய்ச் சேர்த்த காசைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

அவர் அதை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு ரொம்ப அன்பாகச் சொன்னார்.

"யோசிச்சுப் பாரு புள்ள. அங்க வந்தா வாடகை, தண்ணிக்குக் காசு, வெறகுக்குப் பதிலா காஸு, கறிவேப்பிலையக்கூட காசு குடுத்து வாங்கணும். நீ இங்க நடத்துறத அங்க ஒரு வாரம் நடத்த முடியாது. இங்கன்னா இவ்வளவுல முடியுதே."

"அப்ப முற்பணம்?" என்றேன்.

அவர் மேலே பார்த்தார். எங்கள் கூரைத் தகரம் ஓட்டையாகி, மழைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "மொதல்ல ஒரு நல்ல தகரம் போட்டுருவோம். நீயும் பாப்பாவும் நனையாம இருப்பீங்கள்ல" என்றார்.

குடிகாரனாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் சொன்னது எல்லாம் நியாயம். கணக்குப் பார்த்தால் நான்கூட அதையேதான் சொல்லியிருப்பேன். மாமியும் தலையை ஆட்டினார். அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

அவர் திரும்பிப் போவதற்குள் தகரம் அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு ஆணி இறங்கும்போதும் என் நெஞ்சில் இறங்கியது. கொழும்புக்குப் போக நான் சேர்த்த காசு முழுவதும் இப்போது என் தலைக்குமேல் இருக்கிறது. மழை பெய்தால் ஒரு சொட்டுக்கூட ஒழுகுவதில்லை.

அடுத்த மாதம் அவர் காசு அனுப்பியதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் செலவுக்காரியாக இருப்பது. என்னை இங்கே வைத்திருப்பதும் நட்டம்தான் என்று அவருக்குப் புரியட்டும். வேண்டுமென்றே சம்பள ஞாயிற்றுக்கிழமையில், அந்தக் கூட்டத்தில், வந்த காசு அத்தனையையும் எடுத்துக்கொண்டு போனேன். நானாவிடம் விலைகூடின கீரிச்சம்பா அரிசி கேட்டேன், டின்மீன் கேட்டேன், பெரிய பால்மாப் பெட்டி கேட்டேன்.

"என்ன தங்கச்சி, வீட்டுல விசேஷமா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் எடுத்து வைக்க வைக்க நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். கீரிச்சம்பாவின் விலையைக் கேட்டதும் என் வாய் தானாக, "வேணாங்க, வழமையா வாங்குற நாட்டரிசியே போடுங்க" என்றது. டின்மீனை நானே எடுத்துத் திருப்பி அலுமாரியில் வைத்தேன். பெரிய பால்மாப் பெட்டி சின்னதாயிற்று. கடைசியில் நெத்தலிச் சாக்கின் அடியில் என் கை துழாவிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். நானா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. வேறொருவரும் என்னைத் தடுக்கவில்லை, என் கைதான் தடுத்தது. முந்தானை முடிச்சில் காசு மிச்சத்தோடுதான் மலையேறினேன்.

அன்று சாயந்தரம் கொழும்பிலிருந்து அவர் போன் பண்ணினார். ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தேன். "எல்லாம் முடிஞ்சுபோச்சுங்க, பத்தல" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் போனைப் பிடுங்கிவிட்டாள். அவளுக்குப் பால் கிடைத்த சந்தோஷம்.

"அப்பா, அம்மா பால்மா வாங்கிச்சு. அப்படியும் காசு மிச்சம் கொண்டாந்துச்சு!"

போனுக்குள் அவர் மனம்விட்டுச் சிரிப்பது எனக்குக் கேட்டது.

"பாத்தியா, இங்கன்னா முடியும்னு நான் சொன்னேன்ல" என்றார்.