ராஜாத்தியின் பட்டன் ரோஸ்

ராஜாத்தி அக்காவும் நானும் ஓசூர் சிப்காட்டில் ஒரே லைனில் பதினெட்டு வருஷம் சர்க்யூட் போர்டு செய்தோம். தூசு ஆகாத அறை. பூ, பொட்டு, பவுடர், வளையல் எதுவும் கூடாது. கேட்டில் செக்யூரிட்டி கெம்பம்மா தலையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். தொப்பி, மாஸ்க், கணுக்கால்வரை வெள்ளை அங்கி. இருபது வயதும் ஐம்பது வயதும் அங்கே ஒன்றுதான்.

மொத்தம் முப்பது வருஷம் அங்கே வேலை பார்த்து, அக்கா ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றாள். மறு வாரமே பாகலூர் ரோட்டு டெய்லரிடம் பஃப் கை வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டாள். பெட்டியின் அடியிலிருந்து, கல்யாணத்துக்கு முன் கட்டிய புள்ளி போட்ட வாயில் சேலைகள் வெளியே வந்தன. காது மறையச் சீவிய தலை, வால் வைத்த கண்மை, கொண்டையைச் சுற்றிப் பட்டன் ரோஸ். அப்படியே காய் வாங்கப் போவாள். தெருவே சிரித்தது. நாத்தனார் நஞ்சம்மா நேராகவே கேட்டாள்.

"பேரன் எடுத்த வயசுல யாருக்கு அண்ணி இந்த சிங்காரம்?"

"எனக்குத்தான். முப்பது வருசமா தொப்பி போட்டு மூடி வெச்ச தலை இது."

புருஷன் எல்லப்பன் அதிகம் பேசாதவர். தினமும் சைக்கிளில் பூந்தோட்டத்துக்குப் போய் ரோஸ் வாங்கி வருவார். "இடது கண்ணுல மை கோணலா இருக்குது" என்பார். அதைச் சொல்லவும் அவளுக்கு ஒரு ஆள் இருந்தார்.

ஒன்றரை வருஷம்தான். போன ஆடியில் நெஞ்சு வலி வந்து போய்விட்டார்.

தாலியைக் கழற்றி வாங்கும் முன் கடைசியாக ஒருமுறை சிங்காரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பதினோராம் நாள் ஆளுக்கொரு முழம் பூவோடு வந்தார்கள். அன்று கேலி பேசிய நஞ்சம்மா மூன்று முழம் கொண்டுவந்தாள். முகமெல்லாம் மஞ்சள், நெற்றி நிறையக் குங்குமம், முழங்கைவரை வளையல். நானும் ஒரு முழம் வைத்தேன். வைத்த கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நஞ்சம்மா அழுதுகொண்டே கண்ணாடியை நீட்டினாள். "ஆசை தீரப் பாத்துக்கோ அண்ணி."

அக்கா பார்க்கவில்லை. "இது நீங்க போட்டது. நீங்களே எடுத்துக்கோங்க. என் சேலைய மட்டும் நான் வுட மாட்டேன்."

வளையல்களை உடைத்தார்கள்.

சடங்கெல்லாம் முடிந்து அவள் பீரோவைத் திறந்தபோது புள்ளிச் சேலை ஒன்றுகூட இல்லை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வண்டிக்காரனிடம் மகள் ஜெயப்ரியா எல்லாவற்றையும் போட்டிருந்தாள். குழாயடியில் புது அலுமினிய அன்னக்கூடை இருந்தது.

"நீ அத கட்டிக்கினு வெளிய போனா, என் மாமியார் வூட்ல என்னா பேசுவாங்கம்மா?"

அக்கா சண்டை போடவில்லை. அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். "நம்ம கம்பெனில கூட்டித் தொடைக்க ஆள் எடுக்கறாங்களாமே, கேட்டுச் சொல்றியா?" என்றாள்.

"உனக்கு எதுக்குக்கா அந்த வேலை? பென்ஷன் வருதே."

"அங்க யாருக்கும் பூ இல்லடி. நானும் எல்லார் மாதிரி இருப்பேன்."

போன திங்கள்கிழமை சேர்ந்தாள். எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள். கெம்பம்மா யார் என்று நிமிர்ந்து பார்க்காமல், பழக்கத்தில் கேட்டாள்.

"பூ, பொட்டு, வளையல்?"

"ஒண்ணுமில்ல" என்று அக்கா தலையைக் குனிந்து காட்டினாள்.

குரல் கேட்டு நிமிர்ந்த கெம்பம்மா அக்காவின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். தடவிப் பார்க்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "போ அக்கா" என்றாள்.