அண்ணனின் வண்டியிலிருந்து கழற்றப்பட்டவை

1. சென்ற ஆண்டு ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் அண்ணன் இறைவனில் இளைப்பாறினார்.

2. அவருடைய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி அதன்பிறகு வீட்டுப் பக்கச் சந்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது.

3. முதலாமாண்டு நினைவுத் திருப்பலி அன்று அண்ணனின் படத்தருகே வண்டியும் நிற்கவேண்டும் என்று சின்ன மாமா விரும்பி, அதைப் பட்டறைக்கு எடுத்துச் சென்றார்.

4. கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்திருக்குமோ அப்படியே புதுப்பித்துக் கொண்டுவந்தார்.

5. அண்ணன் தம் கையால் செய்து மாட்டியிருந்த பாகங்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன.

6. அவற்றில் இன்னும் கிடைக்காதவற்றை, முக்கியமாகக் கிளட்ச் ஆர்ம் ஒன்றை, நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மாமாவைக் குறை சொல்ல இந்த நினைவு மடலை எழுதவில்லை. அவரிடம் வாசித்துக் காட்டிய பிறகே அச்சுக்குக் கொடுத்தேன்.

மாமா ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். மண்டியின் மினி லாரியிலேயே வண்டியை ஏற்றிவந்து வாசலில் இறக்கினார். டேங்கில் முகம் பார்க்கலாம் போல இருந்தது.

"எப்படி இருக்குது கண்ணு? பாவம், வசதியில்லாம கண்ட தகரத்தையும் ஒட்டி ஓட்டிக்கிட்டிருந்தான். இப்பத்தான் இது வண்டி."

"நல்லா இருக்கு மாமா."

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"யாரு வண்டி தம்பி இது?"

மாமா மினி லாரியின் பின்கதவைப் பூட்டப் போய்விட்டார்.

உறவினர்களாகிய நீங்கள் பலரும் மாமாவைப் போலத்தான் நினைத்திருப்பீர்கள். அந்தப் பாகங்கள் வசதிக்குறைவால் ஒட்டியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

அண்ணன் திண்டுக்கல்லில் பிறந்து, இங்கேயே படித்தவர். ஆசிரியராக இருந்த அப்பா காலமானபோது ஐ.டி.ஐ. கடைசி ஆண்டில் இருந்தார். அதை முடித்ததும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனார். என் பொறியியல் படிப்பு அந்த வேலையால் நடந்தது. சிறுமலை அடிவாரம் தொடங்கி நெய்க்காரப்பட்டி வரை அவரைக் கூப்பிடுவார்கள். தார்ச்சாலை முடிந்து வெகுதூரம் போனால்தான் கிணறு வரும்.

முதலில் மாற்றியது முன் மட்கார்டை. மழை நாளில் கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே இறுகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்; தள்ளக்கூட முடியாது. ஒருநாள் அப்படி வண்டி நின்றுபோய், டூல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு வழியே நடந்து வந்தார். அந்த வாரமே மட்கார்டு ஒரு சாண் மேலே ஏறியது. நின்றுகொண்டே ஓட்ட வசதியாக அகலமான ஹேண்டில்பார் அடுத்து வந்தது.

பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் போட்டது சிறுமலைக்காக. ஏற்றத்தில் வண்டி திணறாது. சமதளத்தில் வேகம் இருக்காது. அண்ணனின் நண்பர், பேகம்பூர் ரபீக் அண்ணன், இதை வைத்துக் கிண்டல் செய்யாத நாளில்லை.

"ஏலே, பைபாஸ்ல மாட்டுவண்டிக்காரன் ஒங்கிட்ட வழி கேக்குறான்."

"மலைக்கு வா மாப்ள, அங்க பேசிக்கலாம்."

திருமணமான பிறகு ரபீக் அண்ணனால் மலைக்குப் போக முடியவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன் தனியாகவே போவார். மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே ஜீப் போகிற மண்பாதைகள் அவருக்கு எல்லாம் தெரியும். மாலையில் திரும்பி, வண்டியைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார். எங்கே போனார் என்று அம்மா கேட்டால், "சும்மா மேல வரைக்கும்" என்பார்.

ஓடையில் இறங்கும்போது தண்ணீர் புகாமல் இருக்கச் சைலன்சரை இருக்கை உயரத்துக்குத் தூக்கினார். பின்னால் உட்காருபவருக்குக் கால் சுடும். ஆகவே பின் கால்மிதிகளைக் கழற்றி, சீட்டையும் ஒருவருக்கு அளவாகக் குறைத்தார். வத்தலக்குண்டில் பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் தகப்பனார் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏந் தம்பி, எம்மகள எங்க உக்கார வைப்பீக?"

"பஸ்ஸு இருக்குல்ல மாமா."

எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணும் உள்ளே சிரித்தது கேட்டது. அந்த வரன் அமையவில்லை. பிறகு வந்தவையும் அமையவில்லை. அதற்கு வண்டி காரணமல்ல. ஆனாலும் சீட்டை அவர் திரும்ப நீளமாக்கவில்லை. நான் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த பின் வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள்.

பின்னர் சிறுநீரகம் பழுதடைந்தது. டயாலிசிஸுக்காக இடது முன்கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கைக்கு அழுத்தம் கூடாது என்றார் மருத்துவர். கிளட்ச் பிடிப்பது இடது கையால். நான் விடுப்பில் வந்திருந்தபோது, எஞ்சினருகே கிளட்ச் கம்பி இழுக்கும் ஆர்மை நீளமாக்கினால் பிடிக்கத் தேவையான பலம் எவ்வளவு குறையும் என்று கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"வண்டிய ஓட்டக்கூடாதுன்னாங்கல்ல, அண்ணே."

"ஓட்டப் போறேன்னு யாரு சொன்னா? ஓட்ட முடியும்னு தெரிஞ்சாப் போதும்."

தட்டை இரும்பில் இருவரும் சேர்ந்து செய்தோம். துளை போட்டது அவர். இடது கையை ஊன்றாமல் போட்டதால் துளை கோணலாகப் போனது. வேறொன்று செய்யலாம் என்றேன். "பிடிக்குதுல்ல, விடு புள்ள" என்றார். மாட்டிப் பார்த்தோம். இரண்டு விரலால் கிளட்ச் பிடிக்க முடிந்தது. நான் கிக்கரை உதைக்க, அவர் ஏறி உட்கார்ந்து தெருமுனை வரை போய்த் திரும்பினார். இறங்கி, சாவியை என்னிடம் கொடுத்தார். நான் சிறுமலைச் சாலையில் போய்விட்டு வந்தேன்.

"எங்க வரைக்கும் போன?"

"மொத வளைவு வரைக்கும்."

"அம்புட்டுத்தானா?"

அதன்பின் அவர் வண்டியில் ஏறவில்லை.

ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் தம் காரில் அழைத்துச் சென்று, முடியும்வரை வெளியே காத்திருந்த ரபீக் அண்ணனுக்கும், அண்ணனைப் பெயர் சொல்லி விசாரித்த செவிலியர்களுக்கும், கடைசி இரவுகளில் செபமாலை சொல்ல வந்த தெருவாருக்கும், அப்பா இல்லாத வீட்டில் அப்பாவின் இடத்தில் நின்ற சின்ன மாமாவுக்கும் நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள். நான் காரணங்களை விளக்கிச் சொன்ன மறுநாளே மாமா என்னைப் பழைய இரும்புக் கடைக்குக் கூட்டிப்போனார். வெள்ளை வேட்டியோடு குவியலில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து, "இதா கண்ணு? இதா?" என்று மதியம் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹேண்டில்பாரும் சைலன்சரும் மட்கார்டும் கிடைத்தன, மாட்டிவிட்டோம். பல்சக்கரம் உருக்கப் போய்விட்டது. கிளட்ச் ஆர்ம் கிடைக்கவில்லை. அளவுகள் என்னிடம் இருக்கின்றன. புதிதாக இன்னும் செய்யவில்லை. கம்பெனியின் குட்டை ஆர்மோடு இறுக்கமாக இருக்கும் இப்போதைய கிளட்சை என் கையால் தெருமுனை வரைதான் பிடிக்க முடிகிறது.