புகை நின்ற காலை

எங்கள் தீவில், ஊர்ச் சர்க்கரை ஆலைக்குக் கப்பலேறி வந்த அந்த மதராஸ் மெக்கானிக், சட்டையில் விழும் கரித்தூளை ஊதி ஊதியே பேசுவார். புகைபோக்கியில் தகடுகளை நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினால் கரியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளுமாம், வெளியே புகையே தெரியாதாம். ஆளுக்குச் சாமி வந்துவிட்டது என்று நாங்கள் சிரித்தோம்.

ஒரு காலையில் நிஜமாகவே புகை நின்றது. துண்டு நிலத்தில் கரும்பு போடும் நாங்களோ, விடிந்ததும் புகையைப் பார்த்துத்தான் கரும்பை வெட்டி வண்டி பூட்டுவோம். புகை இல்லை, ஆகவே ஆலை ஓடவில்லை என்று திரும்பப் படுத்துவிட்டோம். அரைக்கக் கரும்பில்லாமல் ஆலை நின்றேபோனது.

மத்தியானம் மெக்கானிக் என் வீட்டுக்கு ஓடிவந்தார். ஐயா என்பதற்கு எங்கள் தீவில் மிஸ்யே என்போம்; அவரையும் அப்படித்தான் அழைப்போம்.

"ஒரு வண்டிகூட வரலையே, ஏங்க?"

"புகையே வரலையே, மிஸ்யே. ஆலையை மூடிட்டாங்கன்னு நெனச்சோம்."

திட்டப்போகிறார் என்று நின்றேன். மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புகை கொஞ்சம்கூடவா தெரியலை?"

"துளிகூட இல்லை."

அன்றே ஆலைத் துரை தகடுகளுக்குப் போன மின்சாரத்தை நிறுத்தி, அவரையும் வேலையிலிருந்து நிறுத்தினார். மறுநாள் புகை வந்தது. எங்கள் வண்டிகளும் கிளம்பின. கப்பலேறப் போர்ட் லூயிஸுக்குப் போகும் வழியில் எங்களைக் கடந்த மெக்கானிக்கின் சட்டையெல்லாம் கரி. அவர் அதை ஊதவில்லை. என்னைப் பார்த்ததும், "துளிகூட இல்லைன்னீங்களே!" என்று மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே போனார்.