உறை போட்ட டைனிங் டேபிள்

என் வீட்டுக்காரர் குழந்தைவேலுக்குக் கறை என்றாலே ஆகாது. எடப்பாடியில் வெகுகாலமாகத் தறி ஓட்டுகிறவர். துண்டில் ஓர் எண்ணெய்ப் பொட்டு விழுந்தாலும் ஜவுளிக்கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால், மடித்த கையோடு பாலிதீனில் சுற்றி வைத்துவிடுவார். அது தொழில், சரி. அதே புத்தியை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தது என் தலைவிதி. டிவி ரிமோட்டுக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை. கட்டில் மெத்தையோடு வந்த பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்கவில்லை. புரண்டு படுத்தால் சலசலவென்று சத்தம்.

போன வருஷம் என் முட்டி தேய்ந்துபோயிற்று. தரையில் உட்காரக் கூடாது என்றார் டாக்டர். இவரே சேலம் போய்த் தேக்கில் டைனிங் டேபிள் வாங்கிவந்தார். பாசமில்லாத மனிதர் என்று சொல்லமாட்டேன். ஆனால் டேபிள் வந்திறங்கிய அன்றே, நூல் மூட்டை சுற்றிவந்த பழைய பாலிதீனை அதன்மேல் விரித்து மூலைக்கு மூலை டேப் ஒட்டிவிட்டார்.

நான் தட்டோடு பக்கத்தில் போனால், "சூடு பட்டா பாலீஷ் போயிரும் புள்ள. ஆராச்சும் விருந்தாளி வரட்டும்" என்பார். விருந்தாளிக்கா முட்டி வலி? நான் சமையல் மேடையோரம் நின்றபடியே சாப்பிட்டேன். அவர் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டார். காலையில் எழுந்ததும் அந்தப் பாலிதீனை ஈரத்துணியால் துடைப்பார். டேபிளுக்கு நடந்த பணிவிடையில் பாதி எனக்கு நடந்திருந்தால் முட்டி என்றைக்கோ சரியாகியிருக்கும்.

ஆடி ஒன்றுக்கு மகள் சுகன்யாவும் மருமகனும் வருவதாக இருந்தது. முந்தின நாள் காலை, அவர்களுக்காக டேப்பைப் பிய்த்து உறையை எடுத்தார். டேபிள் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"சுடு பாத்திரத்தக் கொண்டாந்து வெச்சது ஆரு?" என்று கத்தினார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வாய் சோறு அதில் நான் தின்றதில்லை. அந்தப் பாலிதீனை மறுபடி விரித்தேன். மூட்டை தூக்கும்போது கொக்கி கிழித்த ஓட்டைகள் எங்கெங்கே இருந்தனவோ, அங்கங்கே அடியில் ஒரு திட்டு. ஈரத்துணியின் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கி, காய வழியில்லாமல் கிடந்திருக்கிறது. ஒவ்வொரு ஓட்டையாக விரல் வைத்துக் காட்டினேன்.

பிறகு வைத்தியம் ஆரம்பித்தது. தேங்காயெண்ணெய் தேய்த்தார், டேபிள் பளபளத்தது, திட்டும் சேர்ந்து பளபளத்தது. டூத்பேஸ்ட் போட்டார், ஒரு மூலையில் பாலீஷே மங்கிவிட்டது. எண்ணெயில் விபூதியைக் குழைத்தபோது கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சுகன்யாவுக்குப் போன் போட்டேன்.

"வெள்ளையா இருந்தா ஈரம் பாலீஷ்லதான் நிக்குதும்மா. காட்டன் துணியப் போட்டு, கம்மிச் சூட்டுல அயர்ன் பாக்ஸ லேசாத் தொட்டுத் தொட்டு எடுக்கச் சொல்லு. தண்ணி தெளிக்க வேண்டாம். கறுப்பா இருந்தாத்தான் மரத்துக்குள்ள போயிருக்கும்."

சூடு பட்டால் பாலீஷ் போய்விடும் என்று வருஷம் முழுக்க என்னை நிற்கவைத்தவர், தன் தறியில் நெய்த துண்டை விரித்து, அதே டேபிள்மேல் அயர்ன் பாக்ஸை வைத்து வைத்து எடுத்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மத்தியானத்துக்குள் திட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. டூத்பேஸ்ட் போட்ட மூலை மட்டும் மங்கலாகவே நின்றது.

நான் சோற்றுத் தட்டோடு வந்தபோது, கையில் புதுப் பாலிதீன் சுருளோடு நின்றிருந்தார்.

"இது ஓட்டை இல்லாதது புள்ள."

"ஏனுங்க, டேபிள்ல கறை போயிருச்சு. என்ர முட்டி வலி எந்தத் துணியப் போட்டுத் தேச்சாப் போகுமுங்க?"

சுருளைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டதும் அவர்தான்.

அன்றைக்கு முதல்முறையாக டேபிளில் சாப்பிட்டேன். அவர் வழக்கம்போல எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் அவர் கண் அதன் அடியிலேயே இருந்தது.