மீன்கொத்தி இருந்த குப்பி

அந்தக் குப்பிகளைக் கழுவியது என் அப்பா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன வாரம்கூட ஒரு சொந்தக்காரர் எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அத்தை ஆசையாகக் கழுவப் போய் அத்தனையும் வீணாகிவிட்டது என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களும் உச்சுக் கொட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தை அங்கே இல்லை. இல்லாதவள் தலையில் பழியைத் தூக்கி வைப்பதுதான் எத்தனை வசதி!

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தாள். ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் கண்ணாடிக் குழாய்களும் குடுவைகளும் கழுவினாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் கண்ணாடி கழுவுகிறேன் என்று நேராகச் சொல்வாள். வெட்கமெல்லாம் தம்பிகளுக்குத்தான். வெளியில் ‘அக்கா லேப்ல இருக்கா’ என்பார்கள். வீட்டுக்குள் அவளுக்கு வைத்த பேர் ‘பாட்டில் டாக்டர்’. அவளும் சிரித்துக்கொள்வாள். எனக்கு அதில் ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

அவளுடைய தொழிலில் கழுவுவது பாதி, காய வைப்பது பாதி. எதைக் கழுவினாலும் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் அடியில் தண்ணீர் தங்கிக் கறை பிடிக்கும், அடுத்த பரிசோதனை தப்பாகும், யாரோ ஒரு நோயாளிக்கு இல்லாத வியாதி எழுதிக் கொடுப்பார்கள். அது அவள் கையோடு ஊறிப்போன பழக்கம். எங்கள் சமையலறையில் ஈர டம்ளர் ஒன்று நிமிர்ந்து நின்றால்கூட, போகிற போக்கில் கவிழ்த்துவிட்டுத்தான் போவாள்.

இனி குப்பிகளின் கதை. தாத்தா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். துறைமுகம் துறைமுகமாக இறங்கிப் பழைய கடைகளைக் கிளறி, சீனாவின் பழங்காலத்து மூக்குப்பொடிக் குப்பிகளாக இருபத்திமூன்று சேர்த்திருந்தார். இத்தனைக்கும் மூக்குப்பொடி வாசனை பட்டாலே ஏழெட்டுத் தும்மல் போடுகிற மனுஷர். எல்லாம் கட்டைவிரல் உயரக் கண்ணாடி. மூடியைத் திருகி எடுத்தால் அதோடு ஒட்டிக்கொண்டு தீக்குச்சி மாதிரி ஒரு கரண்டி வரும். பதினான்கு குப்பிகளில் வேலைப்பாடு வெளிப்பக்கம், கண்ணாடியையே செதுக்கியது. மற்ற ஒன்பதில் ஓவியம் உள்பக்கம். சுண்டுவிரல்கூட நுழையாத வாய் வழியாக வளைந்த தூரிகையை விட்டு, உள்சுவரில் தலைகீழ் வேலையாக வரைந்திருந்தான் எவனோ ஒரு புண்ணியவான். அந்த ஒன்பதில் ஒன்றில், நாணல் தண்டில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதுதான் அத்தையின் உயிர்.

தாத்தா போன பிறகு அந்த அலமாரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தைதான் மாதம் ஒருமுறை ஒவ்வொன்றாக எடுத்து, காய்ந்த தூரிகையால் வெளித்தூசியை மட்டும் தட்டி வைப்பாள். உலகத்துக் கண்ணாடியையெல்லாம் கழுவியவள் இந்த ஒன்பதை மட்டும் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோக மாட்டாள். உள்ளே இருப்பது தண்ணீரில் குழைத்த சாயம், ஈரம் பட்டால் போய்விடும் என்று தாத்தா சொல்லியிருந்தார். ‘உள்ளே தண்ணீர் ஆகாது’ என்று லேபிலிருந்து கொண்டுவந்த சீட்டில் சிவப்பு மசியில் எழுதி அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியும் வைத்திருந்தாள்.

இப்படி இருக்கையில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இதெல்லாம் நல்ல விலை போகும் என்று யாரோ காதில் ஓதிவிட்டார்கள். விற்பது என்று முடிவானது. அத்தையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாகத்தான் வந்து கேட்டாள். வாழ்க்கையில் அவள் தம்பிகளிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

“எல்லாத்தையும் வித்துக்கங்க. அந்த மீன்கொத்தி மட்டும் எனக்கு வேணும்.”

அப்பா மென்று விழுங்கினார். சித்தப்பா விட்டத்தைப் பார்த்தார். கடைசியில், ஒன்றைப் பிரித்தால் மொத்தத்துக்கும் மதிப்புக் குறையும், அதிலும் அதுதான் நல்ல உருப்படி என்றார்கள். அத்தை தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருபது வருஷம் தூசி தட்டியதற்கு ஒரு குப்பி கிடையாதாம். என்ன நியாயமோ!

மதிப்பீட்டாளர் ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. அன்று காலை அத்தைக்குக் கண் பரிசோதனை. எட்டரைக்கெல்லாம் கிளம்பிப் போய்விட்டாள். அப்பா அலமாரியைத் திறந்தார். சீட்டு அசிங்கமாக இருக்கிறது, வருகிறவர் என்ன நினைப்பார் என்று முதல் வேலையாக அதைக் கிழித்தார். உள்ளே படம் போட்ட குப்பிகளும் மங்கலாக இருக்கின்றனவாம். பிளாஸ்டிக் தொட்டி நிறைய வெந்நீர் ஊற்றி, சோப்புத்தூள் போட்டு, மூடிகளைக் கழற்றி ஒன்பதையும் முக்கிவிட்டார்.

நான் குளித்துவிட்டு வந்தபோது தொட்டித் தண்ணீர் பச்சையும் கறுப்புமாகக் கலங்கியிருந்தது. அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“பாத்தியா, எத்தனை வருஷத்து அழுக்கு!”

பறவையும் மலையும் மீனும் இந்த மனுஷருக்கு அழுக்கு. அப்பா, அது படம் என்று கத்தினேன். அவர் ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், அசடு வழிந்தார். ஒன்பதையும் வெளியே எடுத்து ஒரு துண்டின் மேல் வரிசையாக நிறுத்தி வைத்தார். காய்ந்தால் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

மதிப்பீட்டாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். செதுக்கிய பதினான்கையும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். துண்டுப் பக்கம் வந்ததும் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, யார் கழுவியது என்று கேட்டார். அப்பா ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை.

“எங்க அக்காதான். ஆஸ்பத்திரில பாட்டில் கழுவின கை, சும்மா இருக்குமா?”

வாசல் கதவு திறந்திருந்தது. அத்தை செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நானாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இத்தனை பேசுகிற நானும் அப்போது பொம்மை மாதிரி நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அத்தை துண்டருகே வந்தாள். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கிட்டத்தில் எதுவும் சரியாகத் தெரியாது. ஒவ்வொரு குப்பியாகத் தடவிக்கொண்டே போய், கழுத்தடியில் லேசாகச் சில்லுப் பெயர்ந்த அந்த ஒன்றை விரலாலேயே கண்டுபிடித்து எடுத்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உயர்த்தினாள். மறுபடியும் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

“மருந்துனால எனக்குத் தெரியல போல. உனக்கு மீன்கொத்தி தெரியுதா?”

“இல்லத்தே.”

“சரி.”

குப்பியை மெல்ல ஆட்டினாள். உள்ளே தண்ணீர் களக் களக்கென்றது. மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பினாள்.

“நான் கழுவலைங்க. நான் கழுவியிருந்தா கவுத்து வச்சிருப்பேன்.”

அவர் துண்டைப் பார்த்தார். அடியில் ஒரு விரல்கடை கலங்கல் தண்ணீரோடு எட்டும் நிமிர்ந்து நின்றன. பிறகு நிதானமாக அப்பாவைப் பார்த்தார். அப்பா முகம் சுண்டிப்போனது. இந்த ஒன்பதையும் எடுத்துக்கொள்வதற்கில்லை, மற்றவற்றைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு மதிப்பீட்டாளர் கிளம்பினார்.

அவர் படியிறங்கிய பிறகுதான் என் அப்பாவுக்குத் தாராள மனசு வந்தது. தப்பு நடந்துபோச்சு என்று ஒரு வார்த்தை வரவில்லை. வந்தது வேறு.

“அந்த மீன்கொத்தியை நீயே வச்சுக்கக்கா.”

அத்தை கையிலிருந்த குப்பியைத் துண்டின் மேல் கவிழ்த்தாள்.

“பறவை இருந்தப்ப நான் கேட்டேன்டா. இப்ப நீ குடுக்கிறது பாட்டில். பாட்டில் நான் நிறைய பாத்துட்டேன்.”

மிச்சம் எட்டையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த மாதமே தனி அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். கவிழ்த்தது கவிழ்த்தபடி அந்த ஒன்பதும் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் என்னவென்று கேட்டால், அக்கா கழுவினது என்கிறார் அப்பா.